அரைப்பேர்

சனிக்கிழமை ஹட்டன் மண்டபத்தில்
வரலாற்றில் பெண் கவிகள் என்று பேச
எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.
சங்கத்தில் தொடங்கும் பட்டியல் ஒன்று
பையில் மடித்து வைத்திருந்தேன்:
அவையில் பாடியவர்கள், சந்நிதியில் பாடியவர்கள்,
பொன்னும் யானையும் பெற்றவர்கள்.
மழை பிடித்துக்கொண்டது.
பஸ் நிலையத்தில் ஒதுங்கி
நூறு ரூபாய்க்குக் கடலை வாங்கினேன்.

கடலை தீர்ந்து சுருளை விரித்தால்
செக்ரோல் புத்தகத்தின் ஒரு தாள்.
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்கு, ஜூலை.
எண்ணெய் ஊறிய இடத்தில்
மறுபக்கத்து ஆட்களும் தெரிந்தார்கள்.

மூன்றாம் நம்பர் மலை, பெண்ணாள் கணக்கு.
சடைச்சி, பதினேழு றாத்தல், பேர்.
அங்காயி, பதினாறு, பேர்.
பூவாயி, இருபத்தொன்று, அரைப்பேர்.

இருபத்தொன்றுக்கு ஏன் அரை?

எங்கள் பக்கம் பேர் என்றால் ஒருநாள் கூலி.
மலைக்குப் போனால் பேர் விழும்.
பிரட்டுக்குப் பிந்தினால் பேர் வெட்டு.
வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்
சிலேடை என்று கைதட்டுவார்கள்.

கடைசிக் கட்டம், குறிப்பு.
கணக்கப்பிள்ளை இங்கிலீசில் தொடங்கி
இரண்டாம் சொல்லில் நின்றிருக்கிறார்.
அந்தக் குற்றம் இங்கிலீசுக்குள் அடங்கவில்லை.
தமிழுக்கு வந்துவிட்டார்:
நிறுவையில் நின்று பாடினாள்.
பாடியது என்ன என்பதையும்
துரை கேட்டால் காட்ட
சின்ன எழுத்தில் சாட்சியாக வைத்திருக்கிறார்.

*தராசு முள்ளுக்கும் பசியெடுக்குதாம்
கொழுந்துல ரெண்டு றாத்தல் தின்னுச்சாம்
தின்னது தராசு
தொந்தி போட்டது யாரு?*

தன் தொந்தியைத் தானே
இத்தனை அழகான கையெழுத்தில்!
'தின்றதாம்' என்று முதலில் எழுதி
அதை அடித்துவிட்டு
'தின்னுச்சாம்' என்று திருத்தியிருக்கிறார்.
கோபத்திலும் காது பிசகவில்லை மனிதருக்கு.
பூவாயிக்கு வாய்த்த ஒரே பதிப்பாசிரியர்.

திரும்ப ஓடினேன் வண்டிக்கு.
இன்னும் பத்துச் சுருள் கொடுங்கள்.
"ஸ்கூல் பிள்ளைகளுக்கா, டீச்சர்?"
நனைந்த பெஞ்சில் கடலையை மடியில் கொட்டி
ஒவ்வொன்றாய் விரித்தேன்.
எட்டில் வெறும் றாத்தல் கணக்கு.
ஒன்றில் வெள்ளைத்தாய், அரைப்பேர்,
பிள்ளைக் காம்பராவில் தாலாட்டும்போது
கங்காணியின் பெயரைச் சேர்த்தது.
ஒன்றில் காத்தாயி, பேர் வெட்டு,
கவ்வாத்துக் கத்தியைப் பற்றிப் பாட்டு.
பாட்டு இல்லை.
அன்று அவருக்கு நேரமில்லையோ,
எழுதக்கூட முடியாதபடி அது உறைத்ததோ.
காத்தாயி, என்ன பாடினாய்?
கத்தி வெட்டியது வாதையா, வேறெதையுமா?

மண்டபத்தில் குத்துவிளக்கு, பொன்னாடை,
பிந்தி வந்த தலைவர்.
பட்டியலை எடுக்கவில்லை.
என் விரலெல்லாம் உப்பு.
அவர்கள் பாடிப் பெற்றார்கள்,
இவள் அரைநாள் கூலி கொடுத்துப் பாடினாள்
என்று சொல்லித் தாளை உயர்த்தினேன்.
முன்வரிசையில் ஒருவர்
கடலை வாசம் வருகிறது என்றார்.
பின்வரிசையில், இரண்டு மலை ஏறி
கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்தவர்கள்
தொந்தியில் சிரித்தார்கள்,
அந்த இடத்தில்தான் சிரிக்க வேண்டும்.
ஒருத்தி அதே வரியை
தனக்குத் தெரிந்த மெட்டில் முணுமுணுத்துப் பார்த்தாள்.
ஐந்தாம் நிமிடம் மணி அடித்தார்கள்.
நேரமில்லையாம்.
அரைப்பேர், என்றேன் மைக்கில்.
பின்வரிசைக்கு மட்டும் விளங்கியது.

இரவு வண்டிக்காரரிடம் மீதித் தாளைக் கேட்டேன்.
பழைய ஸ்டோரை உடைத்தபோது
இரண்டு சாக்கு வந்ததாம்.
ஒன்று தீர்ந்தது.
மற்றதை மஸ்கெலியா பஸ்ஸில் விற்கிற
தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம்.

இந்நேரம் நோர்வூட் தாண்டி
ஏதோவொரு வளைவில்
யாரோ கடைசிக் கடலையை வாயில் போட்டு,
சுருளைக் கசக்கி,
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறார்கள்.

அண்ணே, அக்கா,
எறியுமுன்
உப்பைத் தட்டிவிட்டு
ஒருதரம் விரித்துப் பாருங்கள்.